குன்றும் மாளும்: தொலைதூர விண்மீன் திரள்களின் ஹைட்ரஜன் கணக்கு



நம்மிடம் வரும் மாணவர்களில் பலர் அறிவியலைத் தமிழில் கடைசியாகப் படித்தது ஆறாம் ஆண்டில்தான். படிவம் ஒன்றில் காலெடுத்து வைத்ததும் அறிவியல் மலாய்க்கோ ஆங்கிலத்துக்கோ போய்விடுகிறது. அதற்குப் பிறகு ஓர் அறிவியல் விளக்கம் தமிழில் அவர்கள் காதில் விழ வேண்டுமென்றால், அது நம் தமிழ்மொழிப் பாடவேளையில்தான் விழ வேண்டும். கருத்துணர்தல் பகுதியில் விண்வெளி பற்றி ஒரு பனுவல் வருகிறது; அதில் 'செம்பெயர்ச்சி' என்று ஒரு சொல். பொருள் எழுதிக் கொடுப்பது சுலபம். ஆனால் பின்வரிசையிலிருந்து ஒரு பிள்ளை, "அது எப்படி டீச்சர் அவங்களுக்குத் தெரியும்?" என்று கேட்டால், அங்கேதான் பாடமே தொடங்குகிறது. அந்தக் கேள்விக்கு நம் கையில் பதில் இருக்கட்டும் என்றுதான் இந்தக் கட்டுரை.

எடுத்துக்கொண்ட பொருள்: பல நூறு கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பாலுள்ள விண்மீன் திரள்களில் எவ்வளவு ஹைட்ரஜன் வாயு இருக்கிறது என்று எப்படிக் கணக்கெடுக்கிறார்கள்? அந்தக் கணக்கு என்ன சொல்கிறது? சுருக்கமாகச் சொன்னால், மாணவர்களுக்குத் தெரிந்த ஒரு பழமொழிதான்: குந்தித் தின்றால் குன்றும் மாளும்.

ஹைட்ரஜனை ஏன் எண்ண வேண்டும்?

விண்மீன்கள் வாயுவிலிருந்து பிறக்கின்றன. ஒரு திரளில் பரவிக் கிடக்கும் ஹைட்ரஜன் குளிர்ந்து, நெருங்கி, மூலக்கூறுகளாகி, மேகமாகி, அந்த மேகம் தன் எடையாலேயே சுருங்கி விண்மீனாகிறது. ஆக, ஒரு திரளின் விண்மீன்கள் அது ஏற்கெனவே செலவு செய்த பணம்; ஹைட்ரஜன் கையிருப்பு. சாதாரணத் தொலைநோக்கியில் எடுத்த படம் பெரும்பாலும் செலவைத்தான் காட்டும். கையிருப்பைப் பார்க்க வேறு வழி வேண்டும், ஏனென்றால் குளிர்ந்த ஹைட்ரஜன் வாயு கண்ணுக்குத் தெரியும் ஒளியை வெளியிடுவதில்லை.

ஹைட்ரஜனின் அலைவரிசை

கிள்ளான் பள்ளத்தாக்கில் மின்னல் எஃப்.எம். கேட்க வேண்டுமானால் 96.3க்குத் திருப்புகிறோம். அந்த எண் மெகாஹெர்ட்ஸ் கணக்கு. அலை விநாடிக்கு 9 கோடியே 63 லட்சம் முறை அதிர்கிறது என்று பொருள். ஹைட்ரஜனுக்கும் இப்படி ஒரு நிலையான எண் உண்டு: 1420.4 மெகாஹெர்ட்ஸ். அலைநீளம் 21 சென்டிமீட்டர். வகுப்பில் உள்ள 30 சென்டிமீட்டர் அடிக்கோலை எடுத்து 21இல் விரலை வைத்துக் காட்டுங்கள். ஓர் அலை அவ்வளவு நீளம்தான்.

இந்த அலை எப்படி வருகிறது? ஹைட்ரஜன் அணுவில் ஒரு புரோட்டான், ஓர் எலெக்ட்ரான். இரண்டுக்கும் 'தற்சுழற்சி' என்றொரு பண்பு உண்டு. இரண்டின் தற்சுழற்சியும் ஒரே திசையில் இருந்தால் அணுவின் ஆற்றல் துளியளவு கூடுதல். எதிர்த்திசைக்குப் புரண்டால் அந்தத் துளி ஆற்றல் 21 சென்டிமீட்டர் அலையாக வெளியேறும். தனியாக விடப்பட்ட ஓர் அணு இப்படித் தானாகப் புரள, சராசரியாக 1 கோடி ஆண்டுக்கு மேல் ஆகும். "அப்புறம் எப்படி டீச்சர் கேக்குது?" என்பார்கள். ஒரு திரளில் இருக்கும் அணுக்களின் எண்ணிக்கை அப்படி. ஒவ்வொரு கணமும் எங்கோ கோடானுகோடி அணுக்கள் புரண்டுகொண்டே இருக்கின்றன.

ஹாலந்து நாட்டின் ஹெண்ட்ரிக் வான் டி ஹல்ஸ்ட் 1944இல் இப்படி ஓர் அலை இருக்கலாம் என்று கணித்துச் சொன்னார். 1951 மார்ச் மாதம் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் யூவனும் பர்செலும் அதை முதன்முதலாகக் கண்டறிந்தார்கள். அது நம் பால்வீதியிலேயே உள்ள ஹைட்ரஜன்.

நீளும் அலை

பிரபஞ்சம் விரிந்துகொண்டே இருக்கிறது. அகலமான ரப்பர் பட்டை ஒன்றில் பேனாவால் ஓர் அலை வரைந்து, இரு முனையையும் பிடித்து இழுங்கள். அலையும் நீளும். தொலைவிலிருந்து வரும் ஒளிக்கும் வானொலி அலைக்கும் இதுவேதான் நடக்கிறது. இதற்குப் பெயர்தான் செம்பெயர்ச்சி: நிறமாலையில் நீண்ட அலை சிவப்புப் பக்கம் இருப்பதால் வந்த பெயர்.

ஹைட்ரஜன் அலை புறப்படும்போது 21 சென்டிமீட்டர் என்று நமக்கு உறுதியாகத் தெரியும். வந்து சேரும்போது 42 சென்டிமீட்டராக இருந்தால், வழியில் பிரபஞ்சம் இரண்டு மடங்கு விரிந்திருக்கிறது. அந்த அலை சுமார் 800 கோடி ஆண்டுகளுக்கு முன் புறப்பட்டது. அதிர்வெண்ணோ பாதியாகி 710 மெகாஹெர்ட்ஸ் ஆகிவிடும். அதாவது, அலைவரிசை எண்ணைப் படித்தாலே தூரமும் காலமும் தெரிந்துவிடும்.

பதிவேட்டில் என்ன எழுதுவார்கள்?

ஒவ்வொரு திரளுக்கும் ஒரு வரி. வானில் அதன் இடம், அலை எவ்வளவு நீண்டிருக்கிறது என்பது, அலையின் வலிமை, எண் எவ்வளவு அகலத்துக்குப் பரவியிருக்கிறது என்பது. தூரமும் வலிமையும் தெரிந்தால் ஹைட்ரஜனின் நிறை கிடைக்கும். திரள் சுழல்வதால் அதன் ஒரு பக்கம் நம்மை நோக்கியும் மறுபக்கம் விலகியும் போகும். அதனால்தான் எண் சற்றே பரவுகிறது. அந்தப் பரவலிலிருந்து சுழலும் வேகம் கிடைக்கும்.

ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கி 64 மீட்டர் விட்டமுள்ளது. அதைக் கொண்டு எடுத்த 'ஹைபாஸ்' பதிவேட்டில் 4,315 பதிவுகள். போர்ட்டோ ரிக்கோவின் 305 மீட்டர் அரெசிபோ கொண்டு எடுத்த 'அல்ஃபால்ஃபா'வில் சுமார் 31,500. அந்த அரெசிபோ 2020 டிசம்பர் 1 அன்று இடிந்து விழுந்தது. பதிவேடு மட்டும் பயனில் இருக்கிறது. சீனாவின் 500 மீட்டர் 'ஃபாஸ்ட்' தொலைநோக்கியின் பதிவேடு 41,000ஐத் தாண்டிவிட்டது.

இப்படிப் பட்டியல் போட்டால் எதிர்பாராததும் அகப்படும். 2013இல் அறிவிக்கப்பட்ட 'லியோ பி' என்ற குட்டித் திரளின் விண்மீன்கள் மிக மங்கல். அதன் ஹைட்ரஜன் அல்ஃபால்ஃபா ஆய்வில் தென்பட்ட பிறகே அப்படி ஒன்று இருப்பது தெரிந்தது.

ஆனால் இந்தப் பதிவேடுகள் எல்லாம் பெரும்பாலும் 100 கோடி ஒளியாண்டு அளவுக்குள்ளேயே நிற்கின்றன. அதற்கு அப்பால் தனித் திரளின் முணுமுணுப்பு இரைச்சலில் அமிழ்ந்துவிடும்.

சிறுதுளி பெருவெள்ளம்

இங்கேதான் இந்தியா வருகிறது. கோவிந்த் ஸ்வரூப் என்ற அறிவியலாளரின் தலைமையில் 1970இல் ஊட்டிக்கு அருகே முத்தோரையில் 530 மீட்டர் நீளமுள்ள ஒரு வானொலித் தொலைநோக்கி அமைந்தது. பிறகு அதே ஸ்வரூப்பின் முயற்சியில் மகாராஷ்டிராவில், புனேக்கு வடக்கே சுமார் 80 கிலோமீட்டர் தூரத்தில் ஜி.எம்.ஆர்.டி. எழுந்தது. தலா 45 மீட்டர் விட்டமுள்ள 30 கிண்ணங்கள், சுமார் 25 கிலோமீட்டருக்குப் பரவிக் கிடக்கின்றன. பிரிக்பீல்ட்ஸுக்கும் கிள்ளானுக்கும் உள்ள தூரத்தைவிடக் கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான். கிண்ணங்கள் முழுத்தகடு அல்ல, கம்பி வலை. அலையின் நீளம் வலைக்கண்ணைவிடப் பல மடங்கு பெரிது என்பதால் அலை உள்ளே நழுவிப் போகாது.

2020 அக்டோபரில் ஆதித்ய சவுத்ரி, நிசிம் கனேகர், ஜெயராம் செங்கலூர் உள்ளிட்ட குழு 'நேச்சர்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டது. அவர்கள் செய்த உத்தி எளிது. சபைகூடலில் ஒருவர் முணுமுணுத்தால் கேட்காது. ஆனால் அதே சொல்லை ஆயிரம் சபைகூடல்களில் பதிவு செய்து, சொல் தொடங்கும் இடத்தைச் சரியாகப் பொருத்தி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால்? சொல் கூடிக்கொண்டே போகும். இரைச்சல் தாறுமாறாக இருப்பதால் ஒன்றையொன்று தின்றுவிடும். 100 பதிவுகளைச் சராசரி எடுத்தால் இரைச்சல் 10 மடங்கு குறையும். அவர்கள் 7,653 திரள்களை அடுக்கினார்கள். ஏறக்குறைய 87 மடங்கு.

பொருத்தி அடுக்க வேண்டுமென்றால், ஒவ்வொரு திரளும் எங்கே இருக்கிறது, அதன் அலை எவ்வளவு நீண்டிருக்கும் என்று முன்கூட்டியே தெரிய வேண்டும். அது ஹவாயிலுள்ள கெக் தொலைநோக்கி மூலம் ஏற்கெனவே எடுத்து வைத்திருந்த 'டீப் 2' பதிவேட்டில் இருந்தது. ஒருவர் ஒழுங்காக எழுதி வைத்த பட்டியல்தான் இன்னொருவருக்குச் சாவியானது.

கணக்கு சொல்வது என்ன?

800 கோடி ஆண்டுகளுக்கு முன் இருந்த அந்தத் திரள்களில் சராசரியாகச் சூரியனைப்போல் சுமார் 1,200 கோடி மடங்கு ஹைட்ரஜன் இருந்தது. அவற்றின் விண்மீன்களின் மொத்த நிறைக்கு ஈடான கையிருப்பு. பணக்காரத் திரள்கள்தான். ஆனால் செலவு? அவை விண்மீன்களை உருவாக்கிய வேகத்தில் அந்தக் கையிருப்பு 100 முதல் 200 கோடி ஆண்டுகளுக்கே தாங்கும். வெளியிலிருந்து புது வாயு போதுமான அளவு வந்து விழாவிட்டால், விண்மீன் பிறப்பு குறைந்தே ஆக வேண்டும்.

அப்படித்தான் நடந்திருக்கிறது. இன்று பிரபஞ்சத்தில் விண்மீன்கள் பிறக்கும் வேகம் அன்றைய உச்சத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. ஏன் குறைந்தது என்பது வானியலில் நெடுநாள் கேள்வி. கையிருப்பை நேரில் எண்ணிய பிறகு பதில் தெளிவாயிற்று: வரவு செலவுக்கு ஈடுகொடுக்கவில்லை. அதே குழு பின்னர் 510 மணி நேரம் கவனித்து, 11,419 திரள்களைச் சேர்த்து, இன்னும் முந்தைய காலத்தையும் பார்த்தது. 900 கோடி ஆண்டுகளுக்கு முன்பிருந்து 800 கோடி ஆண்டுகளுக்கு முன்பு வருவதற்குள் சராசரி ஹைட்ரஜன் சுமார் 3 மடங்கு சரிந்திருந்தது.

அடுக்காமல், தனியொரு திரளையும் கேட்டுவிட்டார்கள். 2023 ஜனவரியில் அர்ணாப் சக்ரவர்த்தியும் நிருபம் ராயும் ஜி.எம்.ஆர்.டி. தரவுகளில் 880 கோடி ஆண்டு பழைய ஹைட்ரஜன் அலையைக் கண்டதாக அறிவிக்கப்பட்டது. வழியில் இருந்த இன்னொரு திரளின் ஈர்ப்பு, பூதக்கண்ணாடிபோல் அந்த அலையைச் சுமார் 30 மடங்கு பெருக்கிக் கொடுத்தது. 21 சென்டிமீட்டராகப் புறப்பட்ட அலை 48 சென்டிமீட்டராக வந்து சேர்ந்தது.

நம் ஊரில் ஏன் கேட்காது?

48 சென்டிமீட்டர் என்றால் சுமார் 620 மெகாஹெர்ட்ஸ். நம் நாட்டில் அது இலக்கமுறைத் தொலைக்காட்சிக்குரிய எண்களுக்குள் வருகிறது. மேலே பார்த்த 710 மெகாஹெர்ட்ஸ் வட்டாரத்தில் கைப்பேசிச் சேவை. கோலாலம்பூரில் விளக்கு வெளிச்சத்தால் விண்மீன் தெரியாததுபோல், அலைபரப்பின் ஆரவாரத்தில் ஹைட்ரஜனும் கேட்காது. அதனால்தான் இத்தகைய தொலைநோக்கிகளை ஊர் அடங்கிய இடமாகப் பார்த்துக் கட்டுகிறார்கள்.

வகுப்பறை நடவடிக்கை

சிவப்பு, நீலம் என இரண்டு பகடைக்காய்கள் போதும். வகுப்பை இரண்டு குழுவாகப் பிரியுங்கள். ஒவ்வொருவரும் 10 முறை உருட்டி, ஒவ்வொரு முறையும் சிவப்பு எண்ணிலிருந்து நீல எண்ணைக் கழித்து எழுதட்டும். 'திரள்' குழு மட்டும் ஒவ்வொரு விடையோடும் 1 கூட்ட வேண்டும். 'வெற்று வானம்' குழு கூட்டக்கூடாது. ஒரு மாணவரின் தாளை மட்டும் பார்த்து அவர் எந்தக் குழு என்று பெரும்பாலும் உறுதியாகச் சொல்ல முடியாது. குழு முழுவதையும் சராசரி எடுங்கள்: ஒன்று 1ஐ ஒட்டியும் மற்றது 0ஐ ஒட்டியும் வரும். இரைச்சலிலிருந்து செய்தியைப் பிரிப்பது எப்படி என்று பிள்ளைகள் கையாலேயே செய்து பார்த்துவிடுவார்கள்.

கலைச்சொற்கள்

அலைநீளம்: ஓர் அலைமுகட்டிலிருந்து அடுத்த முகடு வரையுள்ள தூரம்.
அதிர்வெண்: ஒரு விநாடியில் அலை அதிரும் எண்ணிக்கை.
செம்பெயர்ச்சி: பிரபஞ்ச விரிவால் அலை நீண்டு வருதல்.
ஒளியாண்டு: ஒளி ஓராண்டில் கடக்கும் தூரம். இது காலம் அன்று, தூரம். மாணவர்கள் குழம்பும் இடம்.

கேள்விகள்

1. ஊட்டி தொலைநோக்கி 326.5 மெகாஹெர்ட்ஸில் இயங்குகிறது. அதில் ஹைட்ரஜன் அலை கேட்க வேண்டுமானால் அது எத்தனை மடங்கு நீண்டிருக்க வேண்டும்? (விடை: 1420.4ஐ 326.5ஆல் வகுக்க, சுமார் 4.35 மடங்கு.)

2. ஒரு தொலைநோக்கி அழிந்த பிறகும் அதன் பதிவேடு பயன்படுவது எப்படி? கட்டுரையிலிருந்து சான்று காட்டுக.

3. உயர்நிலைச் சிந்தனை: 'குந்தித் தின்றால் குன்றும் மாளும்' என்ற பழமொழி உழைக்காமல் இருந்து உண்பவரைச் சுட்டுகிறது. இந்தத் திரள்களோ சும்மா குந்தியிருக்கவில்லை. மும்முரமாக விண்மீன்களை உருவாக்கிக்கொண்டிருந்தன. அப்படியானால் பழமொழி இங்கே முழுமையாகப் பொருந்துமா? இதைவிடப் பொருத்தமான பழமொழி உண்டா?

மூன்றாவது கேள்விக்கு ஒரே விடை என்று எதுவும் கிடையாது. பிள்ளைகளை வாதாட விடுங்கள். வாதம் தமிழில் நடக்கட்டும்.