வேலியோரத்து முருங்கை



வெறும் கம்பை வேலிக்கு ஊன்றினால் சில ஆண்டுகளில் மக்கிவிடும். முருங்கைப் போத்தை ஊன்றினால் வேலியும் நிற்கும். கறிக்குக் கீரையும் கிடைக்கும். “நட்டேன் வாத்தியாரே, அழுகிவிட்டது” என்று பெற்றோர் சிலர் சொல்வதுண்டு. குறை மரத்தில் இல்லை, நட்ட முறையில்தான்.

முருங்கையின் பிறப்பிடம் வட இந்தியாவின் இமயமலை அடிவாரம். அது வறட்சியைத் தாங்கும். வேரடியில் தேங்கும் நீரைத் தாங்காது. மழை மிகுந்த நம் நாட்டில் இதை மறக்கலாகாது. சாக்கடை ஓரத்தைத் தவிர்த்து, ஓரடி உயரம் மண்ணை அணைத்து மேடாக்கி நடுங்கள்.

மணிக்கட்டுப் பருமனுள்ள முற்றிய கிளையை நான்கடி நீளத்தில் வெட்டிக்கொள்ளுங்கள். இரண்டு நாள் நிழலில் வைத்தால் வெட்டுவாய் உலர்ந்துவிடும். பிறகு மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்குள் இருக்குமாறு, மூன்றடிக்கு ஒன்றாக ஊன்றுங்கள். கிளையின் அடிப்பக்கமே கீழே இருக்க வேண்டும்.

துளிர்கள் வளர்ந்ததும் நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளைகள் அடர்ந்து வரும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை நெஞ்சளவில் பாராங் கத்தியால் வெட்டி, கீரையை எடுத்துக்கொள்ளுங்கள். வெட்டாமல் விட்டால் மரம் முப்பதடிகூட உயரும். அதன் கிளை எளிதில் முறியும், பிள்ளைகளை ஏறவிடாதீர்கள். அடிக்கடி வெட்டும் வேலியில் காய் பிடிப்பது அரிது. காய் வேண்டுமானால் கூரைக்குத் தள்ளி ஒரு மரத்தைத் தனியே வளருங்கள். வறண்ட நாளில் இலை உதிர்ந்தால் பட்டுப்போனதென்று பிடுங்காதீர்கள். மழை பெய்தால் துளிர்க்கும்.

முருங்கைக் கீரையில் இரும்புச்சத்தும், வைட்டமின் ‘ஏ’யாக மாறும் சத்தும் உண்டு. சாப்பிடும்போது சிறிது எலுமிச்சைச் சாறு சேர்த்தால் இரும்புச்சத்து உடலில் நன்கு சேரும். சோற்றோடு தேநீர் குடித்தால் அது குறையும். தேநீரை ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். ஆனால் வேரையும் பட்டையையும் மருந்தென்று இடித்துக் குடிக்க வேண்டாம்; கர்ப்பிணிகளுக்கு அது ஆபத்து.

வகுப்பில் சோர்ந்து உட்காரும் பிள்ளையைச் சோம்பேறி என்று நாம் திட்டிவிடுகிறோம். அது இரத்தசோகையாகவும் இருக்கலாம். அப்பிள்ளையை முதலில் கிளினிக்குக்கு அழைத்துச் சென்று இரத்தத்தைச் சோதியுங்கள். வீட்டுக்கு வந்ததும் வேலியோரம் ஒரு போத்தை ஊன்றுங்கள்.