பக்கவாதத்திற்குப் பிறகு நல்ல உறக்கம்: சீபேப் கருவி எப்படி உதவுகிறது?

பக்கவாதத்திற்குப் பிறகு மறுவாழ்வுச் சிகிச்சை பெற்று வருகிறீர்களா? பயிற்சியின்போது தூக்கம் கண்ணைச் சொக்குகிறதா? இரவில் பலமாகக் குறட்டை விடுவதாகவோ, இடையிடையே மூச்சு நின்றுவிடுவதாகவோ வீட்டில் உள்ளவர்கள் சொல்கிறார்களா? வயதாகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். பக்கவாதம் வந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு உறக்க மூச்சுத்தடை உள்ளது.

உறக்க மூச்சுத்தடை என்றால் என்ன?

உறங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப் பாதையை அடைக்கின்றன. ஒவ்வொரு முறையும் 10 விநாடி அல்லது அதற்கும் மேலாக மூச்சு தடைபடும். இரத்தத்தில் உயிர்வாயு குறையும், இரத்த அழுத்தம் ஏறும், உறக்கம் கலையும். காலையில் இவை எதுவும் உங்களுக்கு நினைவில் இருக்காது.

இதை ஏன் கவனிக்க வேண்டும்?

நடப்பது, பேசுவது, கையைப் பயன்படுத்துவது ஆகியவற்றை உங்கள் மூளை மீண்டும் கற்று வருகிறது. பகலில் கற்றது நல்ல உறக்கத்தில்தான் மனத்தில் பதியும். உறக்கம் கெட்டால் பயிற்சியில் கவனமும் தெம்பும் குறையும். மூச்சுத்தடை உள்ளவர்களுக்கு உயர் இரத்த அழுத்தமும் மீண்டும் பக்கவாதம் வரும் அபாயமும் அதிகம்.

எப்படிக் கண்டறிவார்கள்?

ஓர் இரவு முழுவதும் உங்கள் மூச்சு, உயிர்வாயு அளவு, இதயத் துடிப்பு ஆகியவற்றைப் பதிவு செய்வார்கள். ஒரு மணி நேரத்தில் 15 முதல் 30 தடவை மூச்சு தடைபட்டால் அது நடுத்தர நிலை. அதற்கும் மேல் என்றால் கடுமையான நிலை.

சீபேப் கருவி என்ன செய்கிறது?

கட்டிலருகே வைக்கப்படும் இந்தச் சிறிய கருவி, அறையிலுள்ள காற்றையே குழாய், முகமூடி வழியாக மெல்லிய அழுத்தத்துடன் செலுத்துகிறது. அந்த அழுத்தம் தொண்டையைத் திறந்து வைக்கிறது. அணிந்திருக்கும் நேரத்தில் மட்டுமே பலன் உண்டு. ஆகவே இரவு முழுவதும், பகலில் உறங்கும்போதும் அணியுங்கள். இரத்த அழுத்த மருந்துகளை நிறுத்தாதீர்கள்.

பழகிக்கொள்ள சில வழிகள்

• முதலில் பகலில், தொலைக்காட்சி பார்க்கும்போது சிறிது நேரம் அணிந்து பழகுங்கள்.
• ஒரு கை பலவீனமாக இருந்தால், ஒரே கையால் மாட்டிக் கழற்றக்கூடிய முகமூடியைக் கேளுங்கள். பராமரிப்பாளரும் கற்றுக்கொள்ளட்டும்.
• மூக்கு, வாய் உலர்ந்தால் ஈரப்பதமூட்டி உதவும்.
• காற்று கசிந்தால் வாரைச் சரிசெய்யுங்கள், மிகவும் இறுக்காதீர்கள். காற்றழுத்தத்தை நீங்களாக மாற்றாதீர்கள்.
• முகமூடியைத் தினமும் மிதமான சவர்க்கார நீரில் கழுவி, நிழலில் உலர்த்துங்கள். ஈரப்பதமூட்டியின் நீரைத் தினமும் மாற்றுங்கள்.
• மதுவைத் தவிருங்கள். மருத்துவரைக் கேட்காமல் தூக்க மாத்திரை உட்கொள்ளாதீர்கள்.

முன்கூட்டியே தெரிவியுங்கள்

உங்கள் உடலில் இதயத் துடிப்புக் கருவியோ, மூளையில் உலோகக் கவ்வியோ பொருத்தப்பட்டிருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். சில முகமூடிகளில் காந்தம் இருக்கும். அவை உங்களுக்கு ஏற்றவை அல்ல. உணவை விழுங்கச் சிரமம், அடிக்கடி வாந்தி, முகமூடியைத் தானாகக் கழற்ற இயலாமை ஆகியவை இருந்தாலும் கட்டாயம் தெரிவியுங்கள்.

முகம் கோணுதல், கை கால் செயலிழத்தல், பேச்சு குழறுதல் ஆகியவை திடீரெனத் தோன்றினால் உடனே 995 என்ற எண்ணை அழையுங்கள்.

அடுத்த முறை மருத்துவரையோ சிகிச்சையாளரையோ காணும்போது உங்கள் உறக்கத்தைப் பற்றியும் பேசுங்கள். உங்கள் குறட்டையைக் கேட்டவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.