உள்ளங்கை வியர்வைக்குக் கரண்ட் வைத்தியம்

பரீட்சையில் விடைத்தாளுக்கு மேல் கைக்குட்டையை விரித்து, அதன்மேல் கை வைத்து எழுதும் பிள்ளைகள் உண்டு. பேனா வழுக்கும், மை கலையும், செருப்புக்குள் கால் நழுவும். தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் நனைக்கும் அந்தமானில், போர்ட் பிளேரை (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) ஒட்டிய புரோத்ராபூர் போன்ற ஊர்களில் தொல்லை இன்னும் கூடுதல். ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் பகுதி. ஈரக்காற்றில் வியர்வை சட்டென்று காயாது.

புழுக்கம்தான் காரணம் என்றால் ஊரில் எல்லோருக்கும் அல்லவா கை சொட்ட வேண்டும்?

வியர்வைச் சுரப்பிகள் மிக நெருக்கமாக இருப்பது உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும்தான். அவற்றைத் தூண்டும் நரம்புகள் சிலருக்குத் தேவைக்கு மேல் வேலை செய்கின்றன. இந்தத் தொல்லை பெரும்பாலும் சிறுவயதிலோ பதின்வயதிலோ தொடங்கும், பலருக்குக் குடும்பத்திலேயே இருக்கும், தூங்கும்போது நின்றுவிடும்.

இதற்கான சிகிச்சைகளில் ஒன்று, தண்ணீர் வழியாக லேசான கரண்டைச் செலுத்தும் அயன்டோஃபோரிசிஸ். 1936இல் ஜப்பானிய மருத்துவர் இச்சிஹாஷி இதைச் சோதித்தார். 1968இல் அமெரிக்க மருத்துவர் லெவிட் எளிய கருவி ஒன்றை விவரித்த பிறகு பரவலானது.

இரண்டு தட்டுகளில் குழாய்த் தண்ணீர். அடியில் உலோகத் தகடு, அதன்மேல் துண்டு. உள்ளங்கை மூழ்கும் அளவு நீர் போதும். மோதிரம், வளையல், காலுக்கு என்றால் மெட்டி, எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும். நகக்கண் காயத்தில் வாஸலின் தடவாவிட்டால் அங்கே சுரீர் என்று எரியும். கரண்டை மெதுவாகக் கூட்டுவார்கள். கைக்கு 15 முதல் 20 மில்லிஆம்பியர் வரை, 20, 30 நிமிடம். நேர்மின் முனைப் பக்கம் பலன் அதிகம் என்பதால் பாதியில் திசையை மாற்றுவார்கள். குழாய்த் தண்ணீருக்குப் பதில் மழைநீர் என்றால் அதில் தாது உப்பு குறைவு, கரண்ட் சரியாகப் பாயாது; ஒரு சிட்டிகை சமையல் சோடா போட்டால் சரியாகும்.

வாரத்துக்கு மூன்று, நான்கு முறை செய்தால் சில வாரங்களில் கை காயத் தொடங்கும். பிறகு வாரம் ஒருமுறை போதும். அடியோடு நிறுத்தினால் வியர்வை திரும்பிவிடும். மின்சாரம் சுரப்பியை எப்படி அடக்குகிறது என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் ஒருமித்த கருத்து இல்லை.

பேஸ்மேக்கர் வைத்தவர்கள், கர்ப்பிணிகள், வலிப்பு நோயாளிகள், கரண்ட் பாயும் வழியில் உலோகத் தகடு பொருத்தியவர்கள் இதன் பக்கம் போகக் கூடாது. தைராய்டு கோளாறாலும் வியர்க்கலாம் என்பதால் முதலில் தோல் மருத்துவரைப் பாருங்கள். வீட்டு 230 வோல்ட் மின்சாரத்தை வைத்து நீங்களாகச் செய்து பார்க்காதீர்கள், உயிருக்கே ஆபத்து.