யாரோடு, எங்கே, எப்போது

ஒவ்வோர் ஆண்டும் ஜூன் மாதத்தின் நடுப்பகுதியில், பிரிட்டன் நேரப்படி காலை 9 மணிக்கு, இங்கிலாந்தின் பிரீமியர் லீக் தனது புதிய பருவத்துக்கான ஆட்ட அட்டவணையை வெளியிடுகிறது. அப்போது வீரர்களில் பலர் விடுமுறையில் இருப்பார்கள், மைதானங்களில் புல் புதிதாக விதைக்கப்பட்டிருக்கும், முதல் ஆட்டத்துக்கு ஏறத்தாழ இரண்டு மாதங்கள் மீதமிருக்கும்; ஆயினும் அந்தக் காலைப்பொழுதில் இங்கிலாந்தின் அலுவலகங்களிலும் மதுக்கூடங்களிலும் பேச்செல்லாம் அந்தப் பட்டியலைப் பற்றியதாகவே இருக்கும். இதில் விந்தை என்னவென்றால், பட்டியலில் இருக்கும் செய்தியின் பெரும்பகுதி ரசிகர்களுக்கு ஏற்கனவே தெரிந்ததுதான். லீக்கில் 20 அணிகள் ஆடுகின்றன. ஒவ்வோர் அணியும் மற்ற 19 அணிகளோடும் இருமுறை, அதாவது ஒருமுறை தன் மைதானத்திலும் ஒருமுறை எதிரணியின் மைதானத்திலும் மோதுகிறது. ஆக அணிக்கு 38 ஆட்டங்கள், மொத்தம் 380. மே மாதத்தில் கீழே இறங்கும் மூன்று அணிகளும் அவற்றுக்குப் பதில் மேலேறி வரும் மூன்று அணிகளும் முடிவான கணத்திலேயே யார் யாரோடு எங்கே ஆடுவார்கள் என்பது முடிந்துவிடுகிறது. எப்போது என்ற ஒரு கேள்விக்குத்தான் ஜூன் பட்டியல் விடை தருகிறது.

அந்த ஒரு கேள்விக்கு இவ்வளவு மதிப்பு வந்ததற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. 1888க்கு முன்பு இங்கிலாந்தில் கால்பந்துக் கிளப்புகள் கோப்பைப் போட்டிகளையும் தமக்குள் பேசி வைத்துக்கொண்ட நட்பு ஆட்டங்களையும் நம்பியே இருந்தன. எதிரணிக்குக் கோப்பை ஆட்டம் குறுக்கிட்டால் நட்பு ஆட்டம் ரத்தாகும், அல்லது வலுவற்ற இரண்டாம் வரிசை அணி வந்து நிற்கும், நுழைவுக் கட்டணத்தோடு வந்த கூட்டம் ஏமாந்து திரும்பும். பர்மிங்ஹாமில் துணிக்கடை நடத்திவந்தவரும் ஆஸ்டன் வில்லா கிளப்பின் நிர்வாகிகளில் ஒருவருமான வில்லியம் மெக்ரெகர் என்ற ஸ்காட்லாந்துக்காரர், முன்னணிக் கிளப்புகள் ஒன்றுகூடி ஆண்டுதோறும் தமக்குள் நிச்சயமான ஆட்டங்களை ஏற்பாடு செய்துகொள்ளவேண்டும் என்று 1888 மார்ச் 2 அன்று சில கிளப்புகளுக்குக் கடிதம் எழுதினார். அதன் விளைவாக 12 கிளப்புகளைக் கொண்ட ஃபுட்பால் லீக் உருவாகி, அதே ஆண்டு செப்டம்பர் 8 அன்று ஆட்டங்கள் தொடங்கின. உலகெங்கும் இன்று கால்பந்தில் 'லீக்' என்ற பெயரில் நடப்பவை எல்லாம் இந்த ஏற்பாட்டின் வழித்தோன்றல்களே. புள்ளிப்பட்டியல், பட்டம், இறக்கம், ஏற்றம் ஆகியவை பின்னர் சேர்ந்தவை அல்லது வளர்ந்தவை. முதலில் வேண்டப்பட்டது, சொன்ன நாளில் சொன்ன அணி வந்து ஆடும் என்ற உறுதிதான்.

அட்டவணை கையில் கிடைத்ததும் ரசிகரின் கண் வரிசைப்படி ஓடுவதில்லை. முதல் ஆட்டம், கடைசி ஆட்டம், கிறிஸ்துமஸுக்கு மறுநாளான டிசம்பர் 26இல் வரும் 'பாக்ஸிங் டே' ஆட்டம், அண்டை ஊர்ப் பகையாளியோடு மோதும் 'டெர்பி' ஆட்டம் ஆகியவற்றையே அது முதலில் தேடுகிறது. 2025 ஜூன் 18 அன்று வெளியான பட்டியலில் சண்டர்லாந்து ரசிகர்கள் தேடியது நியூகாசில் என்ற பெயரைத்தான். சண்டர்லாந்து எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு முதல் பிரிவுக்குத் திரும்பியிருந்தது, இரு நகரங்களுக்கும் இடையிலான லீக் ஆட்டம் 2016க்குப் பின் நடந்திருக்கவில்லை. டிசம்பர் நடுவில் தங்கள் மைதானத்தில் அந்த ஆட்டம் என்று அறிந்ததும் அந்த வார இறுதிக்கு வேறு எந்த நிகழ்ச்சியையும் ஒத்துக்கொள்ளாதவர்கள் பலர் இருந்திருப்பார்கள். அதற்கு முந்தைய ஆண்டில் லிவர்பூல் நகரத்தின் எவர்ட்டன் ரசிகர்களுக்கு வேறொரு தேடல் இருந்தது. 1892 முதல் அவர்கள் கிளப் ஆடிவந்த குடிசன் பார்க்கிலிருந்து ஆண்கள் அணி வெளியேறும் பருவம் அது. அந்த மண்ணில் கடைசியாக வந்து ஆடப்போகும் அணி எது என்பதைப் பட்டியல்தான் சொல்லவேண்டியிருந்தது. சௌதாம்ப்டன் என்று அது சொன்னது. பெரும் பகையோ நெடுங்கதையோ இல்லாத ஓர் எதிரணி, தற்செயலாக, ஒரு மைதானத்தின் 133 ஆண்டு வரலாற்றில் இடம்பிடித்துக்கொண்டது.

அடுத்து வருவது கணக்குப் போடும் படலம். தங்கள் அணிக்கு மட்டும் தொடக்கம் கடினமாக விழுந்துவிட்டது என்பது ஏறக்குறைய எல்லாக் கிளப்புகளின் ரசிகர்களும் ஜூன் மாதத்தில் சொல்லும் குறை. பஞ்சாங்கத்தில் அஷ்டமி நவமி பார்ப்பவரின் கவலை இந்தப் பேச்சில் தொனிக்கும். 2025-26 பருவத்துக்கு ஆர்சனல் அணியின் முதல் ஆறு ஆட்டங்களில் மான்செஸ்டர் யுனைடெட், லிவர்பூல், நியூகாசில் ஆகிய மூன்றின் மைதானங்களுக்கும் போகவேண்டியிருந்தது, மான்செஸ்டர் சிட்டியையும் எதிர்கொள்ளவேண்டியிருந்தது. அந்த அணியின் ரசிகர்கள் தலையில் கைவைத்ததில் வியப்பில்லை. நடந்ததோ வேறு. ஆறு ஆட்டங்களில் நான்கை வென்று, ஒன்றைச் சமன் செய்து, 18 புள்ளிகளுக்கு 13 எடுத்த ஆர்சனல், அக்டோபர் தொடக்கத்தில் பட்டியலின் உச்சியில் இருந்தது. ஜூன் மாதத்தில் ஓர் அணியைக் 'கடினம்' என்று அளக்க ரசிகரிடம் இருப்பது சென்ற பருவத்து நினைவும் கிளப்பின் பெயரும் மட்டுமே என்பதுதான் இங்கே கோளாறு. ஆர்சனல் ரசிகர்கள் அஞ்சிய மான்செஸ்டர் யுனைடெட் முந்தைய பருவத்தை 15ஆம் இடத்தில் முடித்திருந்தது. பெயரின் கனம் அதை மறைத்துவிட்டது. எல்லோரும் எல்லோரோடும் ஆடியே தீரவேண்டிய போட்டியில் வரிசை பற்றிய இந்தப் புலம்பலுக்குப் பெரிய ஆதாரம் இல்லை என்றே சொல்லவேண்டும்.

அட்டவணை போடும் கணினி தங்களை வஞ்சித்துவிட்டது என்ற சந்தேகத்துக்கும் இதே கதிதான், ஆனால் அதை விளக்கப் பட்டியல் தயாராகும் முறையைச் சற்று நெருங்கிப் பார்க்கவேண்டும். பிரீமியர் லீக்கின் 380 ஆட்டங்களும் அதற்குக் கீழுள்ள மூன்று பிரிவுகளின் ஆட்டங்களும், ஆக மொத்தம் 92 கிளப்புகளின் 2,036 ஆட்டங்கள், ஒன்றாகவே தொகுக்கப்படுகின்றன. இந்தப் பணியை நெடுங்காலமாக அட்டோஸ் என்ற தகவல்தொழில்நுட்ப நிறுவனம் செய்துவருகிறது. சொந்த மைதான ஆட்டமும் வெளி மைதான ஆட்டமும் மாறி மாறி வரவேண்டும் என்பதே முதல் விருப்பம். ஆனால் அது எல்லோருக்கும் கிடைக்க வழியே இல்லை. 20 அணிகள் ஒருவரோடொருவர் ஒருமுறை மோதும் 19 சுற்றுகளை மட்டும் எடுத்துக்கொள்வோம். பிசகாமல் மாறி மாறி வரும் வரிசைகள் இரண்டே: சொந்த மைதானத்தில் தொடங்குவது ஒன்று, வெளியில் தொடங்குவது மற்றொன்று. இரண்டு அணிகளுக்கு ஒரே வரிசை வாய்த்தால், அவை இரண்டும் ஒரே நாளில் தத்தம் ஊரில் இருக்கும் அல்லது ஒரே நாளில் வெளியூரில் இருக்கும். ஆகவே அவை ஒன்றோடொன்று மோதவே முடியாது. எனவே குறையற்ற வரிசை அதிகபட்சம் இரண்டு அணிகளுக்கே அமையும். மீதி 18 அணிகளும் எங்காவது ஓரிடத்தில் அடுத்தடுத்து இரண்டு ஆட்டங்களைச் சொந்த ஊரிலோ வெளியூரிலோ ஆடித்தான் ஆகவேண்டும். இது யாருடைய ஓரவஞ்சனையும் அன்று, கணிதம் விதித்த வரம்பு.

அந்த வரம்புக்குள் வேறு விதிகளும் உண்டு. எந்த ஐந்து தொடர் ஆட்டங்களை எடுத்தாலும் மூன்று ஒரு பக்கமும் இரண்டு மறு பக்கமுமாக இருக்கவேண்டும். பருவத்தை இரண்டு வெளி ஆட்டங்களோடு தொடங்கவோ முடிக்கவோ இயன்றவரை விடக்கூடாது. பாக்ஸிங் டேயில் சொந்த மைதானத்தில் ஆடினால் புத்தாண்டை ஒட்டிய ஆட்டம் வெளியே இருக்கவேண்டும். இவற்றோடு காவல்துறையின் தேவையும் சேர்கிறது: லிவர்பூலும் எவர்ட்டனும், மான்செஸ்டரின் இரு கிளப்புகளும் ஒரே நாளில் தத்தம் மைதானத்தில் ஆடாதபடி இணை சேர்க்கப்படுகின்றன, ஏனெனில் ஒரே நகரத்தின் போலீசும் ரயில்களும் இரண்டு பெருங்கூட்டங்களைத் தாங்காது. கிளப்புகளும் முன்கூட்டியே வேண்டுகோள் வைக்கலாம். அரங்க விரிவாக்க வேலைக்காக லிவர்பூல் 2016-17 பருவத்தின் முதல் சில ஆட்டங்களை வெளியூரிலேயே ஆடியது. இவ்வளவையும் ஒரு காலத்தில் மனித மூளையே செய்தது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் லங்காஷயர் வழக்கறிஞரும் லீக் நிர்வாகியுமான சார்லஸ் சட்கிளிஃப் கட்டம் போட்ட தாள்களை வைத்துக்கொண்டு அட்டவணை தயாரித்துவந்தார்.

சட்கிளிஃப் காலத்திலேயே, பட்டியல் இல்லாமற்போனால் என்ன ஆகும் என்பதை இங்கிலாந்து ஒருமுறை சோதித்தும் பார்த்துவிட்டது. ஆட்ட முடிவுகளைக் கணித்துச் சீட்டில் குறித்து அஞ்சலில் அனுப்பிப் பணம் வைத்து ஆடும் 'ஃபுட்பால் பூல்ஸ்' அந்நாட்களில் கோடிக்கணக்கான பவுண்ட் புரளும் தொழிலாகியிருந்தது. அதைச் சூதாட்டம் என்று வெறுத்த லீக் தலைமை, அதை முடக்க எளிய வழி ஒன்றைக் கண்டுபிடித்தது. ஆட்டங்கள் எவை என்று தெரிந்தால்தானே சீட்டு அச்சிடமுடியும்? 1936இல், பிப்ரவரி இறுதியிலும் மார்ச் தொடக்கத்திலுமாக இரண்டு சனிக்கிழமைகளுக்கு, வெளியிட்டிருந்த அட்டவணையை லீக் ரத்து செய்து, யார் யாரோடு ஆடுவார்கள் என்பதைக் கடைசி நேரம்வரை மறைத்துவைத்தது. பூல்ஸ் நிறுவனங்கள் எப்படியோ சமாளித்துக்கொண்டன. அடி விழுந்தது கிளப்புகளுக்கு. எதிரணி யாரென்று தெரியாத ரசிகர்கள் வீட்டிலேயே தங்கிவிட, வசூல் குறைந்து, கிளப்புகள் கொதித்தெழ, பழைய அட்டவணை மீண்டும் வந்தது. பின்னர் லீக் வழியை மாற்றிக்கொண்டு நீதிமன்றம் போனது. அட்டவணைக்குப் பதிப்புரிமை உண்டு என்று 1959இல் லிட்டில்வுட்ஸ் என்ற பூல்ஸ் நிறுவனத்துக்கு எதிரான வழக்கில் தீர்ப்பு கிடைத்தது, பூல்ஸ் நிறுவனங்கள் அதன்பின் லீக்குக்குப் பணம் செலுத்தின. ஆட்டங்களை வரிசைப்படுத்துவதில் உழைப்பு இருக்கலாம், படைப்புச் சுதந்திரம் இல்லையென்றால் அத்தகைய உரிமை கிடையாது என்று 2012இல் ஐரோப்பிய நீதிமன்றம் வேறுவிதமாகச் சொல்லும்வரை அந்த வருமானம் நல்ல வருமானமாகவே இருந்தது.

இன்றைய பட்டியலின் மெய்யான சிக்கல், அது வெளியாகும் நாளில் இறுதியானதாக இல்லை என்பதே. பெரும்பாலான ஆட்டங்கள் சனிக்கிழமை பிற்பகல் 3 மணி என்றே அச்சாகின்றன. பின்னர் ஒளிபரப்பு நிறுவனங்கள் தமக்கு வேண்டியவற்றைத் தேர்ந்தெடுத்து வெள்ளி இரவுக்கும் ஞாயிறு பிற்பகலுக்கும் திங்கள் இரவுக்கும் நகர்த்துகின்றன. 2025-26 முதல் நடப்பில் உள்ள ஒப்பந்தப்படி பிரிட்டனில் குறைந்தது 267 ஆட்டங்கள் நேரலையாகின்றன, அதாவது பத்தில் ஏழு. சனிக்கிழமை 3 மணி ஆட்டத்தை மட்டும் நேரலையாகக் காட்டமுடியாது. கீழ்ப்பிரிவு அணிகளின் மைதானங்கள் காலியாகிவிடக்கூடாது என்பதற்காக 1960களில் பர்ன்லி கிளப்பின் தலைவர் பாப் லார்ட் வற்புறுத்தியதிலிருந்து, பிற்பகல் 2.45 முதல் 5.15 வரை அங்கே நேரலைக்குத் தடை இருக்கிறது. (சென்னையில் உட்கார்ந்திருப்பவர் இந்திய நேரம் இரவு 7.30க்கு, குளிர்காலமானால் 8.30க்கு, அதே ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்க்கிறார். சீட்டு கிடைக்காத உள்ளூர் ரசிகரால் பார்க்கமுடிவதில்லை.)

நேரம் மாறும்போது அடிபடுபவர் அணியைத் தொடர்ந்து வெளியூர் செல்லும் ரசிகர். நியூகாசிலுக்கும் போர்ன்மத்துக்கும் இடையே 550 கிலோமீட்டருக்கு மேல் தொலைவு இருக்கிறது. இரவு 8 மணிக்குத் தொடங்கும் ஆட்டம் முடிந்தபின் அன்றிரவே ரயிலில் ஊர் திரும்ப வழியில்லை. மலிவான ரயில் சீட்டுகள் பல வாரங்களுக்கு முன்பே விற்பனைக்கு வர, தொலைக்காட்சித் தேர்வு சுமார் ஐந்து ஆறு வாரங்களுக்கு முன்புதான் அறிவிக்கப்படுவதால், பட்டியலை நம்பி முந்திக்கொண்டவர் இருமுறை பணம் கட்டுகிறார். 2023இல் வுல்வர்ஹாம்ப்டனுக்கும் செல்சிக்கும் இடையிலான ஆட்டம் டிசம்பர் 24க்கு நகர்த்தப்பட்டபோது, 1995க்குப் பிறகு கிறிஸ்துமஸுக்கு முந்தின நாளில் ஆடப்பட்ட முதல் பிரீமியர் லீக் ஆட்டம் அதுவாயிற்று. ரயில்கள் முன்னதாகவே ஓய்ந்துவிடும் அந்த நாளில் லண்டனிலிருந்து வரவேண்டியிருந்த செல்சி ரசிகர்களின் அமைப்பு வெளிப்படையாக எதிர்ப்புத் தெரிவித்தும் பயன் இருக்கவில்லை. தொடக்கம் கடினம் என்ற புலம்பலுக்கு ஆதாரமில்லை என்றால், இந்தக் குறைக்கு ஆதாரம் போதுமான அளவுக்கு மேலேயே இருக்கிறது.

ஜெர்மனியில் இதே குறை வேறு முடிவைக் கண்டது. 2017-18 பருவத்தில் புண்டஸ்லீகா ஐந்து ஆட்டங்களைத் திங்கள் இரவுக்கு ஒதுக்கியபோது, ஃபிராங்ஃபர்ட் ரசிகர்கள் ஆட்டத்துக்கு நடுவே டென்னிஸ் பந்துகளை மைதானத்தில் வீசினார்கள். வழக்கமாக 80,000 பேர் கூடும் டோர்ட்மண்டில் ஆயிரக்கணக்கானோர் ஒரு திங்கள் இரவு வராமலே இருந்துவிட்டார்கள். 2018இன் இறுதியில், அடுத்த ஒளிபரப்பு ஒப்பந்தத்திலிருந்து திங்கள் ஆட்டங்கள் நீக்கப்படும் என்று லீக் அறிவித்தது. கிளப்பின் வாக்குரிமையில் பெரும்பான்மை உறுப்பினர்களிடமே இருக்கவேண்டும் என்ற விதி அங்கே இருப்பதால், ரசிகர்களின் சொல்லுக்கு நிர்வாகக் கூட்டத்திலும் இடம் இருந்தது.

இங்கிலாந்து ரசிகர்கள் வென்றது விலையில். வெளியூர் ரசிகர்களுக்கான சீட்டு 30 பவுண்டைத் தாண்டக்கூடாது என்ற வரம்பு 2016-17 முதல் இருந்துவருகிறது. நாள் விஷயத்தில் அவர்கள் பக்கம் அவ்வளவு பலம் இல்லை. 2025 பாக்ஸிங் டேயில் பிரீமியர் லீக்கில் ஒரே ஓர் ஆட்டம், மான்செஸ்டர் யுனைடெட்டுக்கும் நியூகாசிலுக்கும் இடையே, இரவு 8 மணிக்கு நடந்தது. ஐரோப்பியக் கோப்பைகள் விரிவடைந்ததால் நாட்காட்டியில் இடம் சுருங்கிவிட்டது என்று லீக் விளக்கம் தந்து, மற்ற ஆட்டங்களை 27, 28 தேதிகளுக்குத் தள்ளியது. தலைமுறைகளாகக் குடும்பத்தோடு மைதானம் போகும் நாளாக அதை வைத்திருந்தவர்களில் பெரும்பாலோர், அந்த ஆண்டு கீழ்ப்பிரிவு ஆட்டங்களைத் தேடிப்போனாலொழிய, வீட்டில்தான் இருக்கவேண்டியிருந்தது.