ஸஹ்ய மலையின் பேய் அந்து

கோடை மழை பெய்த இரவில் செஞ்சியில் விளக்கேற்றினால், ஈசலும் விட்டிலும் அந்துப்பூச்சியும் வந்து மொய்த்துக்கொள்ளும். அத்தகைய மழை வரும் பருவத்தை எதிர்பார்த்து மரத்துக்குள் ஒடுங்கிக் கிடக்கும் அந்துப்பூச்சி ஒன்று நம் தேசத்தில் உண்டு. ஆனால் எங்கள் ராஜகிரிப் பாறைகளில் அதைத் தேடிப் பயனில்லை. ஸஹ்ய மலைத் தொடரும் அதன் சாரலுமே அதற்கு உலகம். கடல் சூழாத தீவு என்று சொல்லலாம்.

இதன் குடும்பத்துக்குப் 'பேய் அந்து' என்று பெயர் சூட்டியவர்கள் ஆங்கிலேயர். அவர்கள் நாட்டு இனத்தில் ஆண் பூச்சி வெண்ணிறமானது. அந்தி வேளையில் புல்வெளிக்கு மேலே ஊசலாடும். நம்முடையதோ வெறும் பழுப்பு நிறம். பேய்ப் பட்டம் பெற அது செய்த பாவம் ஒன்றுமில்லை. 1879-ல் மூர் என்பவர் இதற்கு 'மலபாரிகஸ்' என்று பெயரிட்டார். 1941-ல் ஆஸ்திரேலிய விஞ்ஞானியான டிண்டேல் இதைத் தனிப் பேரினமாகப் பிரித்து, 'ஸஹ்யாத்ராஸஸ்' என்று நம் மலையின் பெயரையே சேர்த்தார்.

தாய்ப் பூச்சி முட்டைகளை இலையில் பத்திரமாக ஒட்டி வைப்பதில்லை. பறந்தபடியே ஆயிரக்கணக்கில் தூவிவிட்டுப் போகிறது. பொரிந்த குஞ்சுப் புழுக்கள் சருகுகளுக்கிடையே சில காலம் பிழைத்து, ஆடி ஆவணி வாக்கில் இளஞ்செடிகளில் ஏறுகின்றன. தண்டைத் துளைத்து நடுச்சோற்றில் சுரங்கம் அமைத்து, பட்டையின் நாரையும் தன் நூலையும் பின்னி வாசலுக்குப் படுதா கட்டிக்கொள்கிறது புழு. வேடிக்கை இனிமேல்தான். சுரங்கம் வீடு மட்டுமே. ஆகாரம் வாசலில் இருக்கிறது. காயத்தை ஆற்றிக்கொள்ள மரம் புதிய திசுவை வளர்க்க, அதைப் புழு மேய்ந்துவிடுகிறது. மரம் மறுபடி வளர்க்கிறது. ஏறக்குறைய ஓராண்டு இப்படிக் கழித்து, கூட்டுப்புழுவாகி, சித்திரை வைகாசியில் வெளியேறும் பூச்சி உணவே கொள்வதில்லை. அதன் ஆயுளும் சில நாட்களே.

தேக்கு பயிரிடுவோருக்கு இது வேடிக்கையன்று. துளைபட்ட கன்று காற்றில் முறிந்துவிடும். கேரளத்துப் பீச்சியிலுள்ள வன ஆராய்ச்சி நிலையத்தில் கே. எஸ். எஸ். நாயர் இதை விரிவாக ஆராய்ந்து, 1982-ல் அறிக்கை வெளியிட்டார். காடெங்கும் விஷம் தெளிப்பதைவிட அவர் காட்டிய வழியே எனக்கு உசிதமாகத் தோன்றுகிறது: தோட்டத்தருகே புழு விரும்பித் தங்கும் களைச்செடிகளை அகற்றுவது, மருந்து வேண்டுமானால், படுதா தொங்கும் அந்த வாசலில் மட்டும் இடுவது.