இரு மாளிகைகளும் இரு விருந்துகளும்

பிரெஞ்சு நாட்டைப் பற்றிப் பேசத் தொடங்குவோர் இரண்டு செய்திகளைச் சொல்லாமல் பேச்சை முடிப்பதில்லை. ஒன்று, அந்நாட்டு மாளிகைகள். மற்றொன்று, அந்நாட்டு விருந்து. அவ்விரண்டையும் துய்ப்பதற்கென்றே ஆண்டுதோறும் பன்னாட்டு மக்களும் அங்கே செல்கின்றனர். மூன்று ஆண்டுகளுக்கு முன்னர், பாரிசு நகரில் பணிபுரியும் என் மகனுடன் சில வாரங்கள் தங்கியிருந்தபோது எனக்கும் அவ்வாய்ப்புக் கிட்டியது. பள்ளியை விட்டு ஓய்வு பெற்றுவிட்டேனாயினும், கண்டதை வகுத்துச் சொல்லும் பழக்கம் என்னை விட்டு ஓய்வு பெறவில்லை. ஆகவே, மாணவ நண்பர்களே, அம்மாளிகைகளுள் இரண்டையும், அவற்றில் நிகழ்ந்த இரு விருந்துகளையும் பற்றி இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் ஒரு சொல்லை விளக்கிவிடுகிறேன். பிரெஞ்சு மொழியில் 'ஷாத்தோ' என்னும் சொல் கோட்டைக்கும் மாளிகைக்கும் பொதுவாக வழங்குகிறது. இஃது ஏன்? பண்டைக் காலத்தில் பெருநிலக்கிழார்கள் பகைவருக்கு அஞ்சித் தடித்த மதிலும் குறுகிய துளைகளும் உடைய கோட்டைகளில் வாழ்ந்தனர். பதினைந்தாம் நூற்றாண்டில் பீரங்கி வலிமை பெற்றது. மதில் எத்துணைத் தடிப்பாயினும் குண்டுக்கு முன் நில்லாது என்பது தெளிவாயிற்று. நாட்டிலும் அரசனின் ஆட்சி உறுதிப்பட்டது. காப்பு அளிக்காத சுவரில் காற்றும் ஒளியுமாவது வரட்டுமே என்று பெரிய சாளரங்களைத் திறந்தனர். 1494 முதல் இத்தாலி நாட்டின் மீது படையெடுத்துச் சென்ற பிரெஞ்சு மன்னர்கள், அங்குக் கண்ட கலையழகில் மயங்கித் திரும்பியதும் இம்மாற்றத்தை விரைவுபடுத்திற்று. கோட்டை மாளிகையாயிற்று, பெயர் மட்டும் மாறவில்லை.

லுவார் ஆற்றின் பள்ளத்தாக்கில் இத்தகைய மாளிகைகள் நிறைந்துள்ளன. அவற்றுள் மிகப் பெரியதாகிய ஷம்போர் மாளிகையை முதலாம் பிரான்சுவா மன்னர் 1519-இல் கட்டத் தொடங்கினார். அதில் 400-க்கு மேற்பட்ட அறைகள் உள்ளன. ஒன்றையொன்று சுற்றி மேலேறும் இரட்டைப் படிக்கட்டு அதன் நடுவில் அமைந்திருக்கிறது. ஒன்றில் ஏறுவோரும் மற்றொன்றில் இறங்குவோரும் வழியில் எதிர்ப்படுவதே இல்லை. இத்துணைப் பெரிய மாளிகையில் அம்மன்னர் தம் 32 ஆண்டு ஆட்சியில் தங்கியிருந்த நாட்களைக் கூட்டினால் சில வாரங்களே தேறும்! பின், எதற்காகக் கட்டினார்? வாழ்வதற்காக அன்று, பிறர் கண்டு வியப்பதற்காக. வியப்பை உண்டாக்குவதும் அக்கால அரசியலில் ஒரு படைக்கலமாகவே இருந்தது. விருந்தும் அத்தகைய படைக்கலமே.

இனி முதல் விருந்துக்கு வருவோம். பாரிசுக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 55 கிலோமீட்டர் தொலைவில் வோ-லெ-விக்கோந்த் என்னும் மாளிகை இருக்கிறது. அதனைக் கட்டியவர் நிக்கொலா ஃபூக்கே. பதினான்காம் லூயி மன்னரின் நிதித் துறைக்குத் தலைவராக விளங்கியவர். கட்டடத்திற்கு லெ வோ, ஓவியத்திற்கு லெ ப்ருன், தோட்டத்திற்கு லெ நோத்ர் எனத் தலைசிறந்த கலைஞர் மூவரை அமர்த்தினார். பணிகள் நிறைவெய்தியதும், 1661 ஆகஸ்டு 17-ஆம் நாள் மன்னரை அழைத்து மாபெரும் விருந்து நடத்தினார். மோலியேர் எழுதிய புதிய நாடகம் ஒன்று அன்று முதன்முதலாக நடிக்கப்பெற்றது. இரவில் வாணவேடிக்கை வானை நிறைத்தது.

மன்னருக்கு அப்போது வயது 22. தம் அரண்மனையிலும் காணாத சிறப்பைத் தம் ஊழியரின் இல்லத்திற் கண்டார். இஃது எவருடைய பணம் என்னும் ஐயம் எழுந்தது. ஃபூக்கேயின் மீது பகைமை கொண்டிருந்த கோல்பேர் என்பவர் அந்த ஐயத்தை முன்பே விதைத்திருந்தார். விருந்து முடிந்து மூன்று வாரங்களும் ஆகவில்லை. செப்டம்பர் 5-ஆம் நாள் ஃபூக்கே சிறைப்பட்டார். மூன்றாண்டு வழக்கின் பின் நீதிபதிகள் நாடு கடத்துமாறு தீர்ப்பளித்தனர். மன்னரோ அதனை வாழ்நாட் சிறையாக மாற்றினார். சிறையிலேயே 1680-இல் அவர் இறந்தார். அவருடைய மூன்று கலைஞர்களையும் மன்னர் தம்மிடம் அழைத்துக்கொண்டார். வெர்சேல்ஸ் அரண்மனை அவர்கள் கைவண்ணத்தாலேயே எழுந்தது.

விருந்தளித்தவர் அழிந்த கதை இது. விருந்தை ஏற்பாடு செய்தவன் அழிந்த கதை அடுத்தது.

ஃபூக்கேயின் மாளிகையில் பணியாற்றியவர்களுள் பிரான்சுவா வாத்தேல் என்பவன் ஒருவன். அவனைச் சமையற்காரன் என்று பலரும் எழுதுகின்றனர், அது பிழை. அவன் மாளிகையின் விருந்து மேலாளன். பொருள் வாங்குதல், சேமித்தல், பந்தி அமைத்தல், பரிமாறுவோரை நடத்துதல் ஆகிய அனைத்தும் அவன் பொறுப்பு. பின்னாளில் அவன் கோந்தே இளவரசரிடம் பணிக்கு அமர்ந்தான். பாரிசுக்கு வடக்கேயுள்ள ஷாந்தியி மாளிகை அவ்விளவரசருடையது. 1671 ஏப்ரல் 23-ஆம் நாள், வியாழக்கிழமை மாலையில், பதினான்காம் லூயி மன்னர் தம் பரிவாரத்துடன் அங்கே வந்து சேர்ந்தார்.

அடுத்து நிகழ்ந்ததைச் செவிந்யே சீமாட்டி தம் மகளுக்கு எழுதிய கடிதங்களால் அறிகிறோம். எதிர்பாராத விருந்தினர் பலர் வந்துவிட்டமையால், அன்றிரவு ஓரிரு மேசைகளுக்கு வாட்டிய இறைச்சி இல்லாமற் போயிற்று. தன் மானம் போயிற்று என்று வாத்தேல் மனம் உடைந்தான். பன்னிரண்டு இரவுகளாக அவன் உறங்கவில்லை. செய்தி அறிந்த இளவரசர் அவன் அறைக்கே சென்று, விருந்து மிக நன்றாக அமைந்தது என்று தேற்றினார். அவன் தேறவில்லை. மறுநாள் வெள்ளிக்கிழமை, கிறித்தவ வழக்கப்படி அன்று இறைச்சி கூடாது, மீனே வேண்டும். பல துறைமுகங்களுக்கும் ஆளனுப்பி மீனுக்கு ஏற்பாடு செய்திருந்தான். விடியற்காலை நான்கு மணிக்கு ஒருவன் இரண்டே சுமை மீனுடன் வந்தான். "இவ்வளவுதானா?" என்று வாத்தேல் கேட்க, மற்ற ஏற்பாடுகளை அறியாத அவன் "ஆம்" என்றான். சிறிது நேரம் காத்திருந்தும் வேறெவரும் வரவில்லை. வாத்தேல் தன் அறைக்குச் சென்று உயிரை மாய்த்துக்கொண்டான். அவனைத் தேடி ஆட்கள் ஓடியபோது, நாற்புறத்திலிருந்தும் மீன் வந்து குவிந்துகொண்டிருந்தது.

அன்று விருந்து நின்றுவிட்டதா? இல்லை. எல்லாரும் நன்றாகவே உண்டனர்; உலாவினர்; வேட்டையாடினர் என்று அச்சீமாட்டியே எழுதுகிறார். மாணவர்களே, இதனை மறவாதீர்கள். அவன் உயிரினும் பெரிதென்று கருதிய குறையை, உண்டவர்கள் பெரிதாகக் கருதவே இல்லை. சிலர் அவனை வீரன் என்று புகழ்ந்தனராம். நான் புகழமாட்டேன். இன்னும் சிறிது பொழுது காத்திருந்தால் தீர்ந்திருக்கக்கூடிய துயரம் அது.

நான் பாரிசிலிருந்து இரயிலேறி, அரைமணி நேரத்திற்குள் ஷாந்தியி சென்றேன். அன்றைய பெரிய மாளிகை பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின் இடிக்கப்பட்டுவிட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஓமால் கோமகன் மீண்டும் கட்டியதே இப்போதுள்ளது. அவர் அதனையும் தம் கலைச் செல்வங்களையும் நாட்டு அறிஞர் கழகத்திற்கு வழங்கிவிட்டார். படங்களை அவர் வைத்த முறையிலிருந்து மாற்றக் கூடாது, வெளியே இரவல் கொடுக்கவும் கூடாது என்பது நிபந்தனை. ரபேலின் ஓவியங்களை அங்கே கண்டேன். மாளிகையைச் சூழ்ந்த நீரில் பருத்த மீன்கள் உலவிக்கொண்டிருந்தன. அவ்வூர்ப் பெயரால் வழங்கும் இனிப்புப் பாலேட்டை வாத்தேலே கண்டுபிடித்தான் என்றும் சொல்கிறார்கள். அதற்கு அவன் காலத்துச் சான்று ஏதும் இல்லை.

நண்பகலில் அவ்வூர் உணவகம் ஒன்றில் உண்டோம். மரக்கறி உணவே உண்பவன் என்று முன்கூட்டியே தெரிவித்திருந்தேன். முதலில் பசி எழுப்பும் சிறு பண்டம், அடுத்துத் தொடக்க உணவு, பின்னர் முதன்மை உணவு, அதன்பின் பாலாடைக்கட்டி, இறுதியில் இனிப்பு என ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. இரண்டரை மணி நேரம் ஆயிற்று. வாத்தேலின் காலத்தில் இம்முறை இல்லை. அப்போது பல பண்டங்களை ஒருசேர மேசைமேற் பரப்பிவிடுவர். கைக்கெட்டியதை எடுத்து உண்பர். வரிசையாகப் பரிமாறும் முறை பத்தொன்பதாம் நூற்றாண்டில் இரசிய நாட்டு வழக்கத்தைப் பின்பற்றி வந்தது. கூடியிருந்து இவ்வாறு உண்ணும் பிரெஞ்சு மரபினை 2010-இல் யுனெஸ்கோ நிறுவனம் மனித குலத்தின் பண்பாட்டுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது.

உணவகம் என்பதும் பாரிசில் பதினெட்டாம் நூற்றாண்டில் உருவானதே. 'ரெஸ்தொரான்' என்னும் சொல் முதலில் உடலுக்கு வலிமை தரும் சாற்றையே குறித்தது. பின்னர் அதனை விற்கும் இடத்திற்கு ஆயிற்று. 1789-ஆம் ஆண்டுப் புரட்சிக்குப் பின், பிரபுக்களின் மாளிகைகளில் வேலை இழந்த சமையற்கலைஞர் சிலரும் உணவகங்கள் திறந்தனர். பிரபு உண்டதைப் பணம் கொடுக்கும் குடிமகனும் உண்ணலாயினான். பின்னர் வந்த எஸ்காஃபியே (1846–1935) என்னும் பெருங்கலைஞர், சமையலறை வேலையைக் குழம்புக்கு ஒருவர், மீனுக்கு ஒருவர், இனிப்புக்கு ஒருவர் எனப் பகுத்தார். சமையலறையில் கூச்சலையும் குடியையும் தடுத்தார். ஒருவன் தலைமேல் எல்லாச் சுமையும் ஏறுவதற்கு இது நல்ல மாற்று.

கூச்சல் என்றதும் என் கதை ஒன்று நினைவுக்கு வருகிறது. சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. நான் தலைமையாசிரியனாக இருந்த பள்ளியில் மாணவர் விடுதி ஒன்று இருந்தது. ஆண்டாய்வுக்கு மேலதிகாரி வந்த நாளில், முன்னிரவு மழையில் விறகு நனைந்து போயிற்று. உணவு அரைமணி நேரம் தாழ்ந்தது. என்னினும் மூத்தவரான சமையற்காரரை ஆசிரியர்களும் மாணவர்களும் கேட்க நான் கடிந்து பேசினேன். அவர் மறுமொழி சொல்லவில்லை, எல்லாருக்கும் பரிமாறினார். வந்த அதிகாரி இரசத்தைப் புகழ்ந்து இரண்டு முறை வாங்கி உண்டார். மறுநாட் காலையில் பண்டசாலைச் சாவியைக் காவலரிடம் கொடுத்துவிட்டு அவர் ஊருக்குச் சென்றுவிட்டார். நான் ஆளனுப்பவில்லை, கடிதமும் எழுதவில்லை.

கோந்தே இளவரசர் அரசனுக்கு நிகரான குடியிற் பிறந்தவர். ஆயினும் தம் ஊழியனின் அறைக்குத் தாமே நடந்து சென்றார். நானோ நூறடி தொலைவிலிருந்த சமையற் கட்டுக்குச் செல்லவில்லை. ஷாந்தியியில் நின்றபோது என் மனத்தில் இருந்தது ரபேலின் ஓவியம் அன்று. அந்த நூறடி தொலைவே.

பிரெஞ்சு உணவகத்தில் விருந்து முடிந்ததும், உண்டவர்கள் உள்ளே சொல்லியனுப்பிச் சமைத்தவரைப் பாராட்டுவதுண்டு. அன்று நான் சொல்லியனுப்பவில்லை. எழுந்து சென்று, கதவருகே நின்ற இளஞ்சமையற்காரருக்கு எனக்குத் தெரிந்த ஒரே பிரெஞ்சுச் சொல்லால் நன்றி கூறினேன். உங்கள் விடுதியிலும் வீட்டிலும் அதற்குப் பிரெஞ்சு மொழி வேண்டியதில்லை.