தூரமும் காலமும்: கொக்கலை முதல் பேர்த் வரை

இரு விமான நிலையங்களுக்கிடையே உள்ள தூரம் மாறாதது. அதனைக் கடக்கும் காலமோ நாளுக்கு நாள் மாறுவது. இதனை விளக்குதற்கு இலங்கையின் தென்கரையிலேயே தக்கதோர் உதாரணம் உண்டு.

1942 பெப்ருவரியில் சிங்கப்பூர் யப்பானியர் வசமானதும், அவுஸ்திரேலியாவை இங்கிலாந்தோடு இணைத்த வான்வழி அறுந்தது. அதனை மீண்டும் தொடுக்கும் பொருட்டு, 1943 தொடக்கம் 1945 வரை குவாண்டாஸ் நிறுவனத்தார் காலிக்கு அண்மையிலுள்ள கொக்கலை ஏரிக்கும் பேர்த் நகரின் சுவான் ஆற்றுக்குமிடையே கற்றலினா என்னும் பறக்கும் படகுகளை எங்கும் இறங்காமற் செலுத்தினர்.

புவி கோளவடிவினதாதலின், அதன்மேல் இரு இடங்களுக்கிடைப்பட்ட மிகக் குறுகிய வழி பெருவட்டமொன்றின் வில்லேயாம். கொக்கலை மத்திய கோட்டுக்கு வடக்கே 6 பாகையளவிலும், பேர்த் தெற்கே 32 பாகையளவிலும் உள்ளன. நெடுங்கோட்டு வேறுபாடு ஏறக்குறைய 35½ பாகை. கோளத் திரிகோண கணிதப்படி இவ்வில் புவிமையத்தில் அமைக்கும் கோணம் 51 பாகைக்குச் சற்றுக் குறைவு. பாகையொன்றுக்கு 111 கிலோமீட்டர் எனக் கொள்ளின், தூரம் ஏறத்தாழ 5,650 கிலோமீட்டர். கணிதம் பயிலும் மாணவர் இதனைத் தாமே செய்து பார்த்தல் நன்று.

இனிக் காலம். விமானம் காற்றினுட் பறப்பது. அக்காற்றோ நிலத்தின் மேல் நகர்வது. மணிக்கு 200 கிலோமீட்டர் வேகமுள்ள விமானத்தை 25 கிலோமீட்டர் வேகக் காற்று வழிநெடுக எதிர்த்தால், மேற்கூறிய தூரத்துக்கு 32 மணி 17 நிமிடம் செல்லும். அதே காற்று பின்னின்று தள்ளினால் 25 மணி 7 நிமிடம் போதும். வித்தியாசம் ஏழு மணிக்கு மேல்! போக்கில் இழந்தது வரவிற் கிடைத்துவிடும் என்று எண்ணுதல் தவறு. காற்றில்லாவிடத்து இருவழிக்கும் 56½ மணி. காற்றுள்ளபோது 57 மணி 24 நிமிடம். எதிர்காற்றில் விமானம் கூடிய நேரம் நிற்பதே இதற்குக் காரணம். மணிக்கு 900 கிலோமீட்டர் செல்லும் இக்கால ஜெற் விமானத்துக்கு அதே காற்றினால் உண்டாகும் வித்தியாசம் இருபது நிமிட அளவினதே.

கற்றலினாக்கள் எடுத்த காலம் பெரும்பாலும் 27 மணிக்கும் 32 மணிக்கும் இடைப்பட்டது. ஏழு மணி நேரம் கூடுதலாகப் பறக்க நேரின் அதற்குரிய எரிபொருளும் உடன் செல்லவேண்டும். அதன் பாரத்தினால் பிரயாணிகள் மூவரும் 69 கிலோகிராம் தபாலுமே ஏற்றப்பட்டன. ஆயுதம் இல்லை. யப்பானிய விமானங்களுக்கு அஞ்சி வானொலியும் பேசாதிருந்தது. திசையறியத் துணையானவை விண்மீன்களே. வழி ஒரு பாகை பிசகினும் முடிவிடத்தில் 85 கிலோமீட்டரளவு விலக நேரும். விமானங்களுக்கு இட்ட பெயர்களும் றைகல், வேகா, ஸ்பைக்கா முதலிய விண்மீன்களின் பெயர்களே.

ஒரே பயணத்தில் சூரியோதயத்தை இருமுறை கண்டமையால், பிரயாணிகளுக்கு 'இரட்டைச் சூரியோதய இரகசியச் சங்கம்' என்னும் பெயரில் நற்சான்றுப் பத்திரமும் வழங்கப்பட்டது. இவ்வாறு 271 முறை சமுத்திரம் கடக்கப்பட்டது.